பழைய மெசேஜ் எங்கே போச்சு? ஆபீஸ் ஆப்களில் வசதிகளுக்குப் பூட்டு போடுவது யார்... ஏன்?

எட்டு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன டிசைன் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மாதத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் ஒருவர், "இந்த லோகோவே ஓகே, பிரிண்டுக்கு அனுப்பிடுங்க" என்று ஸ்லாக்கில் மெசேஜ் போட்டிருந்தார். இப்போது பேனர் எல்லாம் அச்சாகி வந்த பிறகு, "நான் எங்கே ஓகே சொன்னேன்?" என்கிறார். சரி, அந்த மெசேஜை எடுத்துக் காட்டிவிடலாம் என்று தேடினால் கிடைக்கவில்லை. கம்பெனியில் யாரும் அதை அழிக்கவில்லை. பணம் கட்டினால் பழைய மெசேஜ்களைப் பார்க்கலாம் என்ற அறிவிப்பு மட்டும் திரையில் நிற்கிறது.

சென்னை ஓ.எம்.ஆர் ஐடி அலுவலகம் தொடங்கி நான்கு பேர் நடத்தும் ஸ்டார்ட்அப் வரை, இன்றைக்கு வேலை நடப்பதே ஸ்லாக், மைக்ரோசாஃப்ட் டீம்ஸ், ஜூம், கூகுள் சாட் மாதிரியான ஆப்களுக்குள்தான். மெசேஜ், வீடியோ கால், ஃபைல், காலண்டர் எல்லாம் ஒரே இடத்தில். வசதிதான். ஆனால் அந்த ஒரே இடத்தில் எந்தக் கதவு திறந்திருக்கும், எது பூட்டியிருக்கும் என்பதை முடிவு செய்வது அங்கே வேலை பார்ப்பவர்கள் இல்லை. ஆப் நடத்தும் நிறுவனம் ஒரு பூட்டு போடுகிறது. நம்ம கம்பெனியின் ஐடி டிபார்ட்மென்ட் இன்னொரு பூட்டு போடுகிறது. சில நேரம் அரசே தலையிட்டு, "இதைத் தனியா பிரிச்சு வை" என்கிறது. இதெல்லாம் எப்படி நடக்கிறது, விரிவாகப் பார்க்கலாம்.

10,000 மெசேஜில் இருந்து 90 நாளுக்கு...

ஸ்லாக்கின் இலவசத் திட்டத்தில் முன்பு ஒரு கணக்கு இருந்தது. கடைசி 10,000 மெசேஜ்களைப் பார்க்கலாம், ஃபைல்களுக்கு 5 ஜிபி இடம். 2022 செப்டம்பர் 1-ல் இந்தக் கணக்கையே ஸ்லாக் மாற்றியது. எத்தனை மெசேஜ் என்பது இனி முக்கியமில்லை, கடைசி 90 நாட்களில் வந்த மெசேஜும் ஃபைலும் மட்டுமே தெரியும்.

கேட்க சாதாரண மாற்றம் மாதிரி இருக்கும். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்று புரியும். ஒரு சின்ன ஆபீஸில் நாளுக்கு மொத்தமே 40 மெசேஜ் போகிறது என்றால், 10,000-ஐத் தொட 250 வேலை நாட்கள் ஆகும். அதாவது கிட்டத்தட்ட ஒரு வருஷ உரையாடல் கையில் இருக்கும். புது விதியில் அது மூன்று மாதமாகச் சுருங்கிவிட்டது. ஆயிரக்கணக்கானோர் இருக்கும் கலகலப்பான குழுக்களுக்கோ நிலைமை தலைகீழ். அவர்களுக்கு 10,000 மெசேஜ் சில நாட்களிலேயே தீர்ந்துவிடும், இப்போது 90 நாள் கிடைக்கிறது. அதிகம் பேசுகிறவர்களுக்கு லாபம், அளவாகப் பேசி நீண்ட காலமாக ஆப்பை நம்பியிருந்தவர்களுக்கு நஷ்டம். அதே நேரத்தில் புரோ திட்டத்தின் கட்டணமும், வருஷச் சந்தா கணக்கில் ஆளுக்கு மாதம் 6.67 டாலரில் இருந்து 7.25 டாலராக உயர்ந்தது.

இதில் பலரும் கவனிக்காத இரண்டாவது கட்டம் 2024-ல் வந்தது. அதுவரை பழைய மெசேஜ்கள் மறைத்து வைக்கப்பட்டன, அவ்வளவுதான். பணம் கட்டினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். 2024 ஆகஸ்ட் 26 முதல், இலவசக் கணக்குகளில் ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட மெசேஜ்களையும் ஃபைல்களையும் நிரந்தரமாக அழிக்கத் தொடங்கியது ஸ்லாக். அதாவது 90 நாளைத் தாண்டியதும் மெசேஜ் பூட்டுக்குள் போகும். ஒரு வருஷம் தாண்டினால் பூட்டும் இல்லை, பெட்டியும் இல்லை. பிறகு பணம் கட்டினாலும் வராது.

மேலே சொன்ன டிசைன் கம்பெனிக்கு இன்னும் வாய்ப்பு இருக்கிறது. ஐந்து மாத மெசேஜ் என்பதால் சந்தா கட்டினால் பார்த்துவிடலாம். வாடிக்கையாளர் இன்னும் எட்டு மாதம் கழித்து வந்து சண்டை போட்டிருந்தால் அதுவும் கிடையாது.

பள்ளி மாணவர்களுக்கு வந்த பில்

"காசு கட்டாதவனுக்கு இவ்வளவுதான் கிடைக்கும், இதுல என்ன தப்பு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். சர்வர் செலவு சும்மா வராது. ஆனால் காசு கட்டியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது.

அமெரிக்காவில் ஹேக் கிளப் என்று ஒரு லாப நோக்கமற்ற அமைப்பு இருக்கிறது. பள்ளி மாணவர்கள் ஒன்றுசேர்ந்து கோடிங் கற்றுக்கொள்ளும் இடம். ஸ்லாக்கைப் பல வருஷங்களாகப் பயன்படுத்தி வந்தார்கள். வருஷத்துக்கு சுமார் 5,000 டாலர் சலுகைக் கட்டணமும் கட்டி வந்தார்கள். 2025 செப்டம்பரில், இந்த வாரமே 50,000 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும், இனி வருஷத்துக்கு 2 லட்சம் டாலர், இல்லையென்றால் கணக்கு முடக்கப்படும், மெசேஜ்களும் அழிக்கப்படும் என்று தங்களுக்குச் சொல்லப்பட்டதாக அந்த அமைப்பு பொதுவெளியில் எழுதியது. கையில் இருந்தது சில நாட்கள்தான். மேட்டர்மோஸ்ட் என்ற திறந்த மூல மென்பொருளுக்கு மாறப்போவதாகவும் அறிவித்தது.

விஷயம் இணையத்தில் தீயாகப் பரவியது. அப்புறம் ஸ்லாக்கின் அப்போதைய தலைமை அதிகாரி டெனிஸ் டிரெஸ்ஸர் தரப்பே அவர்களைத் தொடர்பு கொண்டு, முன்பைவிட நல்ல திட்டத்தைக் கொடுப்பதாகச் சொன்னது. ஹேக் கிளப்பும் ஸ்லாக்கிலேயே தொடர முடிவு செய்தது.

சுபமாக முடிந்த கதைதான். ஆனால் இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் குரல் கொடுக்க ஆள் இல்லாத ஒரு சின்ன அமைப்புக்கு இதே பில் வந்திருந்தால்? பத்து வருஷ உரையாடலை நான்கைந்து நாளில் இன்னொரு இடத்துக்கு மாற்றுவது நடக்கிற காரியமா? இங்கேதான் இந்தப் பூட்டுகளின் உண்மையான பலம் இருக்கிறது. ஆப்பை மாற்றிக்கொள்ளலாம், புதிதாக ஒன்றை இன்ஸ்டால் செய்ய பத்து நிமிஷம் போதும். உள்ளே இருக்கும் பழைய பேச்சை மாற்றுவதுதான் கஷ்டம்.

நிமிஷத்துக்கு 15 மெசேஜ்

அந்தப் பழைய பேச்சை வெளியே எடுக்கும் வழியிலும் ஒரு கட்டுப்பாடு வந்திருக்கிறது. சாதாரணப் பயனாளர்களின் கண்ணுக்கே தெரியாத கட்டுப்பாடு இது.

ஸ்லாக்குக்குள் இருக்கும் தகவலை வேறொரு மென்பொருள் எடுத்துப் படிக்க ஏபிஐ என்ற வழி உண்டு. கடையின் பின்வாசல் மாதிரி. வாடிக்கையாளர் முன்பக்கமாக வருவார், சரக்கு வண்டி பின்பக்கமாக வரும். ஆபீஸ் முழுக்க இருக்கும் தகவல்களைத் தேடித் தரும் ஏஐ கருவிகள் எல்லாம் இந்தப் பின்வாசலை நம்பித்தான் இயங்குகின்றன.

2025 மே 29-ல் ஸ்லாக் இந்த வாசலைக் குறுக்கியது. ஸ்லாக்கின் அதிகாரப்பூர்வ மார்க்கெட்பிளேஸில் அனுமதி பெறாமல் வணிக ரீதியாக விற்கப்படும் ஆப்கள், சேனல் வரலாற்றை எடுக்க நிமிஷத்துக்கு ஒரு கோரிக்கைதான் அனுப்பலாம். ஒரு கோரிக்கைக்கு அதிகபட்சம் 15 மெசேஜ். ஒரு லட்சம் மெசேஜை இப்படி எடுக்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? 111 மணி நேரம். நான்கரை நாளுக்கும் மேல். முன்பு ஒரு நிமிஷத்துக்கு 50-க்கும் மேற்பட்ட கோரிக்கை, ஒரு கோரிக்கைக்கு 1,000 மெசேஜ் வரை என்று இருந்தபோது இதே வேலை அதிகபட்ச வேகத்தில் இரண்டு மூன்று நிமிஷம்தான். ஒரு கம்பெனி தன் சொந்த உபயோகத்துக்காகத் தானே எழுதிக்கொள்ளும் ஆப்களுக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது.

கூடவே, ஸ்லாக் தகவலை வைத்து ஏஐ மாடல்களைப் பயிற்றுவிக்கக் கூடாது, மொத்தமாக ஏற்றுமதி செய்யக் கூடாது என்றும் ஏபிஐ விதிகளில் சேர்க்கப்பட்டது. வாடிக்கையாளர்களின் தகவல் பாதுகாப்புக்காக என்பது ஸ்லாக் தரப்பு விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. எவனோ ஒருவன் எழுதிய ஆப், ஒரு கம்பெனியின் மொத்த உரையாடலையும் அள்ளிக்கொண்டு போவது ஆபத்துதான். ஆனால் ஸ்லாக்கை 2021-ல் 2,770 கோடி டாலருக்கு வாங்கிய சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனமும் சொந்தமாக ஏஐ விற்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பாதுகாப்பு, வியாபாரம் இரண்டும் ஒரே பூட்டில் இருக்கும்போது எது எவ்வளவு என்று வெளியிலிருந்து பிரித்துச் சொல்வது சிரமம்.

40 நிமிஷம் ஆச்சு, லிங்க்கை மறுபடி போடுங்க!

கொரோனா காலத்தில் ஜூம் மீட்டிங்கில் உட்கார்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. இலவசக் கணக்கில் 40 நிமிஷம் ஆனதும் மீட்டிங் கட் ஆகிவிடும். எல்லோரும் வெளியே போய் மறுபடி அதே லிங்க்கில் வருவார்கள். முதலில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் இந்த விதி. 2022-ல் இரண்டு பேர் மட்டும் பேசும் காலுக்கும் 40 நிமிஷ எல்லை வந்தது. இலவச கூகுள் மீட், டீம்ஸ் இரண்டிலும் குழு மீட்டிங்குக்கு 60 நிமிஷம்.

இந்த எல்லை தொழில்நுட்பக் காரணத்தால் வந்தது இல்லை என்பதற்கு ஜூமே ஒரு சாட்சி கொடுத்தது. 2020 நவம்பரில் அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை நாளில், குடும்பங்கள் பேசிக்கொள்ளட்டும் என்று உலகம் முழுக்க 40 நிமிஷ வரம்பை நீக்கியது. அடுத்த நாள் மறுபடி வந்துவிட்டது. சுவிட்ச் அவர்கள் கையில்.

மைக்ரோசாஃப்ட் வேறு ரூட்டில் போனது. 2023 பிப்ரவரியில் டீம்ஸ் பிரீமியம் என்ற கூடுதல் சந்தா வந்தது. ஆளுக்கு மாதம் 10 டாலர். புது வசதிகளுக்கு மட்டும் காசு என்றால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அதுவரை வழக்கமான டீம்ஸிலேயே கிடைத்துவந்த சில வசதிகளும் பிரீமியத்துக்குள் போய்விட்டன. பேசுவதை வேறு மொழியில் மொழிபெயர்த்து நேரடியாகத் திரையில் காட்டும் வசதி அதில் ஒன்று. இந்தியாவில் இருந்துகொண்டு ஜப்பானிய, ஜெர்மன் கிளையண்ட்களோடு பேசும் டீம்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

நம்ம கம்பெனி போடும் பூட்டு

சில நேரம் ஆப்பில் வசதி இருக்கும், காசும் கட்டியிருப்பார்கள், ஆனாலும் நமக்கு மட்டும் பட்டன் தெரியாது. பக்கத்து கம்பெனி நண்பர் டீம்ஸில் அனுப்பிய மெசேஜை அழிக்கிறார், நம்மால் முடியாது. அவர் மீட்டிங்கை ரெக்கார்ட் செய்கிறார், நமக்கு அந்த ஆப்ஷன் மங்கலாகத் தெரிகிறது. இதற்குக் காரணம் அட்மின்.

டீம்ஸில் அட்மினுக்கு என்று தனிக் கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. அனுப்பிய மெசேஜைத் திருத்தலாமா, அழிக்கலாமா, ஜிஃப் அனுப்பலாமா, படித்துவிட்டார்களா என்று தெரியும் அடையாளம் வேண்டுமா, மீட்டிங்கை ரெக்கார்ட் செய்யலாமா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். ஒரே ஆபீஸிலேயே ஒரு பிரிவுக்கு ஒரு விதி, இன்னொரு பிரிவுக்கு வேறு விதி என்றும் வைக்கலாம். "மேனேஜருக்கு வருது, எனக்கு வரலையே" என்றால் பெரும்பாலும் ஆப்பில் கோளாறு இல்லை, விதியே அப்படித்தான்.

மீட்டிங் ரெக்கார்டிங் காணாமல் போவதும் இதில் சேரும். டீம்ஸில் புதிய ரெக்கார்டிங்குகளுக்கு இயல்பான ஆயுள் 120 நாட்கள். அட்மின் மாற்றாவிட்டால், அல்லது அந்த வீடியோவின் உரிமையாளர் காலக்கெடுவை நீட்டிக்காவிட்டால், அது தானாக ரீசைக்கிள் பின்னுக்குப் போய்விடும். டிரெயினிங் வீடியோவை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தவர்கள் ஏமாந்துபோவது இதனால்தான்.

கம்பெனிகள் ஏன் இவ்வளவு கறாராக இருக்கின்றன? வங்கித் துறையைப் பார்த்தால் புரியும். அமெரிக்காவில் பங்குச் சந்தை தொடர்பான நிறுவனங்கள், ஊழியர்களின் தொழில் சார்ந்த உரையாடல்களைச் சேமித்து வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். ஜே.பி.மோர்கன் ஊழியர்கள் சொந்த போனில் வாட்ஸ்அப், எஸ்.எம்.எஸ் வழியாக வேலை விஷயம் பேசியதும், அது பதிவில் இல்லாததும் தெரியவந்தபோது, 2021 டிசம்பரில் இரண்டு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து விதித்த அபராதம் 20 கோடி டாலர். அடுத்த வருஷம் செப்டம்பரில் 16 நிதி நிறுவனங்கள் மீது பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி மட்டும் மொத்தமாக 110 கோடி டாலருக்கு மேல் அபராதம் போட்டது.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஆபீஸ் ஆப்பில் எதையெடுத்தாலும் தடை, ஃபைல் போகாது, வெளியாளைச் சேர்க்க முடியாது என்று இறுக்கினால் ஊழியர்கள் என்ன செய்வார்கள்? "வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன் சார்" என்பார்கள். எந்த ஆபத்தைத் தடுக்க பூட்டு போட்டார்களோ, அந்த ஆபத்து பூட்டு இல்லாத இன்னொரு வாசல் வழியாகப் போய்விடும்.

எதிர்த்திசையில் போய் மாட்டிக்கொண்டவர்களும் உண்டு. கூகுள் ஊழியர்களின் உள் சாட்டில், ஹிஸ்டரியை ஆஃப் செய்தால் 24 மணி நேரத்தில் மெசேஜ் தானாக அழியும் வசதி இருந்தது. எபிக் கேம்ஸ் நிறுவனம் தொடர்ந்த வழக்கில், சாட்களைப் பாதுகாக்க வேண்டிய கடமையில் கூகுள் தவறிவிட்டது என்று 2023 மார்ச்சில் நீதிபதி ஜேம்ஸ் டொனாட்டோ குறிப்பிட்டார். மெசேஜை வைத்திருந்தாலும் தலைவலி, அழித்தாலும் தலைவலி.

ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 'டெலீட்' கொடுத்தால் மெசேஜ் நம் திரையில் இருந்து போகும். ஆனால் கம்பெனி சேமிப்பு விதி போட்டிருந்தால், அதன் நகல் பின்னணியில் அப்படியே இருக்கும். விசாரணை என்று வந்தால் எடுக்க முடியும். டைரக்ட் மெசேஜ் என்ற பெயரைப் பார்த்து, அது இரண்டு பேருக்குள் மட்டும் இருக்கும் ரகசியம் என்று நினைத்துவிடக் கூடாது.

எதிர்ப்பு வந்ததும் வாபஸ் வாங்கிய வசதிகள்

வசதியைக் குறைப்பது என்றாலே பயனாளருக்கு நஷ்டம் என்று சொல்லிவிட முடியாது. சில வசதிகள் இல்லாமல் போனதால்தான் ஊழியர்கள் தப்பித்தார்கள்.

ஜூமில் ஒரு காலத்தில், ஸ்க்ரீன் ஷேர் நடக்கும்போது யாராவது 30 விநாடிக்கு மேல் வேறு விண்டோவுக்குப் போனால் மீட்டிங் நடத்துபவருக்குக் காட்டிக்கொடுக்கும் வசதி இருந்தது. ஊரடங்கில் உலகமே ஜூமுக்கு வந்தபோதுதான் இது பலருக்கும் தெரியவந்தது. எதிர்ப்பு கிளம்ப, 2020 ஏப்ரல் தொடக்கத்தில் நிரந்தரமாக நீக்கினார்கள்.

அதே வருஷக் கடைசியில் மைக்ரோசாஃப்டும் மாட்டியது. புரொடக்டிவிட்டி ஸ்கோர் என்ற கருவி, யார் எத்தனை நாள் மெயில் அனுப்பினார், எத்தனை நாள் சாட் செய்தார் என்று ஊழியரின் பெயரோடு காட்டியது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த தனியுரிமை ஆய்வாளர் உல்ஃபி கிறிஸ்டல் இதை வெளிச்சம் போட்டுக் காட்டினார். டிசம்பர் 1-ல், தனிநபர் பெயர்களை எடுத்துவிடுவதாகவும், இனி நிறுவன அளவிலான கணக்கு மட்டுமே தெரியும் என்றும் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

ஸ்லாக்கின் கதை இன்னும் வேகமானது. 2021 மார்ச் 24-ல் எந்தக் கம்பெனி ஆளுக்கும் அழைப்பு அனுப்பி மெசேஜ் செய்யும் வசதி வந்தது. அழைப்போடு சொந்தமாக நான்கு வரியும் எழுதலாம். அந்த வரிகள் மெயிலில் நேராகப் போய் விழும். யாரோ முகம் தெரியாத ஆள் ஆபாசமாகவோ மிரட்டியோ எழுதினால்? வெளியான அன்றே கேள்வி எழுந்தது, அன்றே அந்த எழுதும் வசதியை ஸ்லாக் எடுத்துவிட்டது. ஒரு வசதியைச் சேர்க்கும் முன் அதை யார் எப்படித் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று ஒரு அரை மணி நேரம் யோசித்திருந்தாலே போதும். குறிப்பாக, தொல்லைக்கு ஆளாகும் பெண் ஊழியர்கள் யாரிடமாவது கேட்டிருந்தால்.

இப்போது பூட்டு ஊழியர் பக்கமே இன்னும் இறுகுகிறது. மீட்டிங்கில் யாராவது ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் திரை கறுப்பாகிவிடும் வசதியை 2025-ல் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அதைத் தாங்காத சாதனத்தில் வருபவர்களுக்கு ஆடியோ மட்டும்தான். ரகசிய ஆவணத்தைக் காக்க நல்லதுதான். ஆனால் மீட்டிங்கில் மேலதிகாரி அவமானப்படுத்தியதற்கோ, முறைகேடான உத்தரவு போட்டதற்கோ ஆதாரம் எடுக்க நினைக்கும் ஊழியருக்கும் அதே கறுப்புத் திரைதான்.

ஐரோப்பா ஏன் டீம்ஸைப் பிரிக்கச் சொன்னது?

2017 மார்ச்சில் உலகம் முழுக்க வெளியான டீம்ஸ், வேர்டு, எக்ஸெல், அவுட்லுக் இருக்கும் ஆபீஸ் தொகுப்போடு சேர்ந்தே வந்தது. கம்பெனிகளின் பார்வையில் டீம்ஸ் 'ஃப்ரீ'. ஏற்கெனவே ஆபீஸுக்குக் காசு கட்டும் கம்பெனி, ஸ்லாக்குக்குத் தனியாக ஏன் கட்டப்போகிறது? அரிசி வாங்கினால் பருப்பு இலவசம் என்று பெரிய கடை அறிவித்தால், பக்கத்தில் பருப்பு மட்டும் விற்பவர் என்ன ஆவார் என்பதுதான் கேள்வி.

ஸ்லாக் 2020 ஜூலையில் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. பின்னர் ஆல்ஃபாவியூ என்ற ஜெர்மன் வீடியோ மீட்டிங் நிறுவனமும் சேர்ந்துகொண்டது. 2023 ஜூலையில் முறையான விசாரணை தொடங்கியது. அக்டோபரிலேயே ஐரோப்பாவில் டீம்ஸ் இல்லாத தொகுப்பைக் குறைந்த விலைக்குக் கொடுக்க ஆரம்பித்தது மைக்ரோசாஃப்ட். 2024 ஏப்ரலில் உலகம் முழுக்க இது வந்தது. அது போதாது என்று 2024 ஜூனில் ஆணையம் குற்றச்சாட்டு அறிக்கை அனுப்பியது.

கடைசியில் 2025 செப்டம்பர் 12-ல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த உறுதிமொழிகளை ஆணையம் சட்டப்படி கட்டுப்படுத்தும்படி ஏற்றுக்கொண்டது. அபராதம் இல்லை. டீம்ஸ் உள்ள தொகுப்புக்கும் இல்லாததற்கும் இடையிலான விலை வித்தியாசம் 50 சதவீதம் கூடும். போட்டி ஆப்களுக்குள் வேர்டு, எக்ஸெல் திறக்க வழி தர வேண்டும். இதெல்லாவற்றையும்விட முக்கியம் என்று தோன்றுவது, டீம்ஸில் இருக்கும் தங்கள் தகவலை எடுத்துக்கொண்டு வேறு ஆப்புக்குப் போக வாடிக்கையாளர்களுக்கு வழி கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை. உறுதிமொழிகள் பொதுவாக 7 வருஷத்துக்கு, தகவல் மாற்றம், பிற ஆப்களோடு இணைந்து இயங்குவது தொடர்பானவை மட்டும் 10 வருஷத்துக்கு.

அதாவது டீம்ஸ் மீது புகார் கொடுத்தது ஸ்லாக். அதே ஸ்லாக்தான் 2025-ல் தன் ஏபிஐ வாசலைக் குறுக்கியது.

இந்தியாவில் என்ன நிலை?

டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன, முக்கியமான கடமைகள் அமலுக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. நம் தகவலைப் பயன்படுத்த நம் சம்மதம் வேண்டும் என்பது இதன் அடிப்படை. ஆனால் பிரிவு 7-ல் வேலை தொடர்பான தேவைகளுக்கும், தொழில் ரகசியம் கசியாமல் தடுப்பது போன்றவற்றுக்கும் விலக்கு இருக்கிறது. ஆகவே ஆபீஸ் சாட்டை கம்பெனி சேமித்து வைக்க, ஒவ்வொரு முறையும் ஊழியரிடம் கையெழுத்து வாங்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. எவ்வளவு காலம் வைத்திருக்கிறார்கள், யார் பார்க்கலாம் என்று ஹெச்.ஆரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

சின்ன நிறுவனம் நடத்துபவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை கொஞ்சம் இருக்கிறது. விலை, அளவு, தேதி குறித்த ஒப்புதலைச் சாட்டோடு விட்டுவிடாமல் மெயிலிலும் ஒரு வரி வாங்கி வைப்பது எந்த ஆப் மாறினாலும் கைகொடுக்கும். டீம்ஸ் ரெக்கார்டிங்கில் தேவையானதற்குக் காலக்கெடுவை நீட்டிவிடலாம். புது ஆப்புக்கு மாறும் முன், உள்ளே வருவது எப்படி என்பதைவிட, வெளியே போகும்போது எதையெல்லாம் எடுத்துப்போக முடியும் என்று விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுவிட வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கிளிக் ஆப்பாக இருந்தாலும் இதே கேள்விதான்.

ஸ்லாக் இலவசக் கணக்கு வைத்திருப்பவர்கள், ஓனர் அல்லது அட்மின் லாகின் மூலம் பொதுச் சேனல்களின் மெசேஜ்களை ஏற்றுமதி செய்துகொள்ளலாம். இலவசத் திட்டத்தில் அதற்கும் 90 நாள் கணக்குதான் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலண்டரில் நினைவூட்டல் வைத்துக்கொள்வது நல்லது. பிரைவேட் சேனலும் டைரக்ட் மெசேஜும் சாதாரண ஏற்றுமதியில் வராது, முக்கியமானதைக் கையால்தான் நகலெடுக்க வேண்டும். டவுன்லோட் ஆவது ஜேசன் என்ற வடிவத்தில் இருக்கும். அடைப்புக்குறியும் எண்களுமாக, பார்க்க அழகாக இருக்காது. ஆனால் "பிரிண்டுக்கு அனுப்பிடுங்க" என்ற வரி அதில் இருக்கும்.